1967-ல் காங்கிரஸ் ஏன் தோற்றது? அரசியலை அலசிப் பார்க்க ஒரு தொடக்கப் பாடம்

தேர்தல் முடிவு வெளியான அன்று மாலைக்குள்ளேயே காரணங்களும் தயாராகிவிடுகின்றன. அலை அடித்தது, அனுதாப ஓட்டு விழுந்தது, கூட்டணி கைகொடுத்தது, காசு வேலை செய்தது. தொலைக்காட்சி விவாதத்திலும் டீக்கடையிலும் கிட்டத்தட்ட ஒரே பட்டியல்தான். இவற்றில் எதையும் சுத்தப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் எதையும் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. நமக்குப் பிடித்த கட்சி ஜெயித்தால் ஒரு காரணத்தையும், தோற்றால் இன்னொரு காரணத்தையும் கையில் எடுக்கிறோம். அதே காரணம் போன தேர்தலிலும் இருந்ததா, பக்கத்து மாநிலத்திலும் இருந்ததா என்று கேட்பதில்லை.

அரசியலை அலசுவதற்குப் பட்டம் தேவையில்லை. ஒரு நிகழ்வுக்குச் சொல்லப்படும் விளக்கங்களை எடுத்துவைத்து, எது தேறும், எது தேறாது என்று ஆதாரத்தோடு பார்க்கும் பழக்கம் இருந்தால் போதும். அந்தப் பழக்கத்துக்குச் சில நிலைகள் உண்டு. அவற்றை வெறும் விதிகளாகச் சொன்னால் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு அதையே பிடித்துக்கொண்டு போவோம்: 1967 பிப்ரவரியில் சென்னை மாநிலத்தில், அதாவது இன்றைய தமிழ்நாட்டில், காங்கிரஸ் ஆட்சியை இழந்த சட்டமன்றத் தேர்தல். அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்தக் கட்சி இங்கே ஆட்சி அமைக்கவில்லை. ஏன் தோற்றது என்று கேட்டால் தமிழ்நாட்டில் ஆளுக்கொரு பதில் வைத்திருப்பார்கள். பாடத்துக்கு இதைவிடத் தோதான நிகழ்வு கிடைக்காது.

பக்கத்துத் தோட்டத்து மோட்டார்

கிணற்று மோட்டார் ஓடவில்லை என்று வைத்துக்கொள்வோம். விவரம் தெரிந்தவர் உடனே மோட்டாரைக் கழற்ற மாட்டார். முதலில் பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடுகிறதா என்று பார்ப்பார். அங்கேயும் ஓடவில்லை என்றால் கோளாறு கரண்டில். அங்கே ஓடி இங்கே ஓடவில்லை என்றால் நம் பக்கம்தான் ஏதோ. அப்புறம் பீஸ் போயிருக்கிறதா, ஸ்டார்ட்டர் வேலை செய்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வருவார். நேற்றுவரை ஓடியது என்றால் நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன மாறியது என்றும் கேட்பார்.

அரசியல் ஆய்வாளர் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். கோளாறு என்ன என்று துல்லியமாகச் சொல்வது, காரணமாக இருக்கக்கூடியவற்றைப் பட்டியலிடுவது, ஒப்பிட்டுத் தள்ளுவது, முன்னும் பின்னும் நடந்ததை வரிசைப்படுத்துவது. ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மோட்டாரைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். 1967 தேர்தலை மறுபடி நடத்த முடியாது. அதனால்தான் ஒப்பீட்டுக்கு அரசியலில் அவ்வளவு மதிப்பு.

முதலில் கேள்வியைச் சரிசெய்வோம்

"காங்கிரஸ் ஏன் தோற்றது?" என்ற கேள்வியிலேயே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. தோற்றது என்றால் என்ன? எண்களைப் பார்ப்போம்.

1962-ல் காங்கிரஸ் 46.14 சதவீத வாக்குகளோடு 206 தொகுதிகளில் 139-ஐ வென்றது. தி.மு.க. 27.10 சதவீதத்தோடு 50 இடங்கள். 1967-ல் தொகுதிகள் 234 ஆகக் கூடியிருந்தன. அதில் காங்கிரசுக்குக் கிடைத்தது 51 இடங்கள். தி.மு.க.வுக்கு 137. ஆட்சி மாறியது, அண்ணா முதலமைச்சரானார்.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. இப்போது வாக்கு சதவீதத்தைப் பாருங்கள். 1967-ல் காங்கிரஸ் பெற்றது 41.10 சதவீதம். தி.மு.க. பெற்றது 40.69 சதவீதம். ஆம், தோற்ற கட்சிக்குத்தான் வாக்கு சற்றே அதிகம்! இன்னொன்று: 1962-ல் காங்கிரசுக்கு விழுந்த ஓட்டுகள் சுமார் 58 லட்சம். 1967-ல் சுமார் 63 லட்சம். அதாவது காங்கிரசுக்கு விழுந்த ஓட்டுகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. "மக்கள் காங்கிரசைத் தூக்கி எறிந்தார்கள்" என்ற வாக்கியத்தை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால், அது எவ்வளவு அவசரமான வாக்கியம் என்று புரியும்.

எனவே கேள்வியை இப்படி மாற்றுவோம். காங்கிரசின் வாக்கு வீதம் 5 புள்ளிகள் மட்டுமே குறைந்தபோது, அதன் இடங்கள் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து கால் பங்குக்கும் கீழே சரிந்தது ஏன்? இப்படி எதை விளக்கப் போகிறோமோ அதை "விளைவு" என்போம். விளைவைத் துல்லியமாகச் சொல்லாமல் காரணம் தேடுவதால்தான் பெரும்பாலான அரசியல் பேச்சு வழி தவறிப் போகிறது. இந்த ஒரு நிலையில் மட்டும் கொஞ்சம் பொறுமை காட்டினால் பாதி வேலை முடிந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வாக்கு வேறு, இடம் வேறு

நம் நாட்டில் ஒரு தொகுதியில் யாருக்கு அதிக ஓட்டோ அவரே உறுப்பினர். பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. நான்கு பேர் நிற்கும் தொகுதியில் 35 சதவீதம் வாங்கியவர்கூட ஜெயிக்கலாம். எதிரே ஒரே ஒருவர் நின்றால் 45 சதவீதம் வாங்கியும் தோற்கலாம். ஆகவே ஒரு கட்சியின் வெற்றி அதன் சொந்த வாக்கை மட்டும் பொறுத்ததல்ல. எதிர்ப்பு வாக்கு எத்தனை துண்டுகளாகச் சிதறுகிறது என்பதையும் பொறுத்தது.

1962-ல் எதிர்ப்பு வாக்கு சிதறிக் கிடந்தது. தி.மு.க. ஒருபக்கம், ராஜாஜியின் சுதந்திராக் கட்சி 7.82 சதவீதத்தோடு இன்னொரு பக்கம், கம்யூனிஸ்ட் கட்சி 7.72 சதவீதத்தோடு வேறொரு பக்கம். 1967-ல் தி.மு.க., சுதந்திரா, 1964-ல் கம்யூனிஸ்ட் கட்சி உடைந்து பிறந்த மார்க்சிஸ்ட் கட்சி, முஸ்லிம் லீக், ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம், சி.பா.ஆதித்தனாரின் நாம் தமிழர் எல்லாம் தொகுதி பிரித்துக்கொண்டு ஒரே அணியாக நின்றன. தி.மு.க. 174 தொகுதிகளில் மட்டும் போட்டியிட்டது. காங்கிரஸ் 232-ல் போட்டியிட்டது. மேலே சொன்ன 40.69 சதவீதம் மாநிலம் முழுமைக்குமான கணக்கு. தி.மு.க. நின்ற தொகுதிகளை மட்டும் எடுத்துத் தோராயமாகக் கணக்கிட்டால், அங்கே அதன் சராசரி பாதியைத் தாண்டிவிடும். தி.மு.க., சுதந்திரா (5.30), மார்க்சிஸ்ட் (4.07) ஆகிய மூன்றை மட்டும் கூட்டினாலே மாநில அளவில் 50 சதவீதம்.

சுருக்கமாக: தேர்தல் முடிவை அலசும்போது வாக்கு வீதம், இடங்கள், போட்டியிட்ட தொகுதிகள் ஆகிய மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்தால் எந்தக் கட்சிக்காரருக்கும் பிடித்த கதையைச் சொல்லிவிடலாம்.

விளக்கங்களை வரிசையில் நிறுத்துவோம்

அடுத்தது கருதுகோள். ஒரு விளைவுக்கு இதுதான் காரணமாக இருக்கலாம் என்று தற்காலிகமாக முன்வைத்து, சோதனைக்கு உட்படுத்தும் விளக்கமே கருதுகோள். ஒரே ஒரு கருதுகோளை வைத்துக்கொண்டு ஆரம்பிப்பவர், அதை நிரூபிக்கும் ஆதாரங்களைத்தான் பொறுக்குவார். அது மனித இயல்பு. நான்கைந்தைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் அவை ஒன்றோடொன்று போட்டியிடும்.

1967-க்கு வழக்கமாகச் சொல்லப்படுபவை ஐந்து.

இந்தி எதிர்ப்பு: 1965 ஜனவரி 26 முதல் இந்தி முழுமையான ஆட்சிமொழியாகும் நாள் நெருங்கியபோது மாணவர்கள் கொந்தளித்தார்கள். துப்பாக்கிச் சூடுகளில் பலர் இறந்தார்கள். சிலர் தீக்குளித்தார்கள்.

அரிசிப் பஞ்சம்: 1964-லிருந்தே தட்டுப்பாடு, விலையேற்றம். 1966 ஜூனில் ரூபாய் மதிப்புக் குறைப்பு வேறு. தி.மு.க. "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்றது.

கூட்டணி: மேலே பார்த்தோம்.

எம்.ஜி.ஆர். சுடப்பட்டது: 1967 ஜனவரி 12. அப்போது அவர் தி.மு.க.வில் இருந்தார். வாக்குப்பதிவுக்குச் சில வாரங்களே இருந்தன. கழுத்தில் கட்டோடு அவர் இருக்கும் படம் ஊரெங்கும் ஒட்டப்பட்டது.

ஆட்சி மீதான சலிப்பு: இருபது ஆண்டு காங்கிரஸ் ஆட்சி. காமராசர் 1963-ல் முதலமைச்சர் பதவியை விட்டு அகில இந்தியப் பொறுப்புக்குப் போன பிறகு வந்த பக்தவத்சலம் ஆட்சி மீது இருந்த கோபம்.

"அலை" என்ற சொல் இந்தப் பட்டியலில் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். ஒரு கட்சி பெரிதாக ஜெயித்தால் அலை என்கிறோம்; ஏன் ஜெயித்தது என்று கேட்டால் அலையால் என்கிறோம். விளைவுக்கே இன்னொரு பெயர் வைத்து அதைக் காரணம் என்று சொல்வது விளக்கமாகாது. அரசியல் கட்டுரையில் இந்தச் சொல்லைப் பார்த்தால், அதை எடுத்துவிட்டு மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

மற்ற மாநிலங்களில் என்ன நடந்தது?

இனி ஒப்பீடு. ஒரு காரணம் இருந்த இடத்தையும் இல்லாத இடத்தையும் பக்கத்தில் வைத்து, விளைவு மாறுகிறதா என்று பார்ப்பது.

1967-ல் மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் சேர்ந்தே தேர்தல் நடந்தது. மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் காங்கிரசின் வாக்கு வீதம் 1962-ன் 44.72-லிருந்து 40.78-ஆக இறங்கியது, ஏறத்தாழ 4 புள்ளிகள். சென்னை மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் இறங்கியது 5 புள்ளிகள். பெரிய வேறுபாடு இல்லை. உத்தரப் பிரதேசம், பீகார், பஞ்சாப், மேற்கு வங்கம், ஒரிசா, ராஜஸ்தான், கேரளம், சென்னை என எட்டு மாநிலங்களில் அது பெரும்பான்மையை இழந்தது. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடக்கவில்லை, எம்.ஜி.ஆரும் அங்கே கிடையாது. விலைவாசி, உணவுத் தட்டுப்பாடு, நீண்ட ஆட்சியின் சலிப்பு ஆகியவை எல்லா இடத்திலும் இருந்தன. ஆகவே காங்கிரசின் வாக்குச் சரிவுக்கு இந்தப் பொதுக் காரணங்களே பெரும் பங்கு என்று சொல்லலாம்.

இந்த ஒப்பீடு இன்னொன்றையும் காட்டுகிறது. அந்த எட்டு மாநிலங்களில் ஒரே ஒரு எதிர்க்கட்சி தனித்துப் பெரும்பான்மை பெற்றது சென்னையில் மட்டும்தான். எனவே நம் கேள்வி இரண்டாகப் பிரிகிறது. காங்கிரஸ் ஏன் சரிந்தது? அந்தச் சரிவின் பலன் ஏன் தி.மு.க.விடம் வந்து குவிந்தது? முதல் கேள்விக்கு நாடு தழுவிய விடை, இரண்டாவதற்கு உள்ளூர் விடை. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் இந்தி எதிர்ப்பா அரிசியா என்ற சண்டை முடியாமல் நீள்கிறது.

கூட்டணியின் பங்கை அளக்கக் கேரளம் அருமையான இடம். அங்கே 1965-ல் தேர்தல் நடந்தது. இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் தனித்தனியே நின்றன. காங்கிரஸ் சுமார் 33.5 சதவீத வாக்கோடு 133 இடங்களில் 36-ஐ வென்றது. யாருக்கும் பெரும்பான்மை இல்லை, ஆட்சியும் அமையவில்லை. 1967-ல் இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் முஸ்லிம் லீக்கும் மற்றவர்களும் மார்க்சிஸ்ட் தலைவர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் ஏழு கட்சி அணியாகச் சேர்ந்தார்கள். காங்கிரசின் வாக்கு சுமார் 35.4 சதவீதமாகக் கூடியது. இடங்கள்? ஒன்பது. மாநிலம் அதே, கட்சிகளும் ஏறக்குறைய அதே, இடைவெளி இரண்டே ஆண்டு. காங்கிரசின் வாக்கு கூடியபோதே இடங்கள் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கின. எதிரணி ஒன்றுசேர்ந்ததன் விளைவு இவ்வளவு தெளிவாகத் தெரியும் சோடி அபூர்வம்.

எதிர்ப்பக்கச் சான்று மைசூரும் (இன்றைய கர்நாடகம்) ஆந்திரமும். அங்கேயும் விலைவாசி இருந்தது. எதிர்க்கட்சிகள் இப்படித் திரளவில்லை. காங்கிரஸ் இரண்டு மாநிலங்களிலும் ஆட்சியைத் தக்கவைத்தது.

ஒப்பீட்டில் ஒரு எச்சரிக்கை தேவை. எந்த இரண்டு மாநிலமும் ஒரு காரணத்தில் மட்டும் வேறுபட்டு மற்ற எல்லாவற்றிலும் ஒத்திருப்பதில்லை. கேரளத்தில் காங்கிரஸ் 1964-லேயே உடைந்து கேரளா காங்கிரஸ் பிறந்திருந்தது. சென்னையில் அப்படி உடையவில்லை. அதனால்தான் கேரளத்தைச் சென்னையோடு ஒப்பிடுவதைவிட, 1965 கேரளத்தை 1967 கேரளத்தோடு ஒப்பிடுவது பலமானது.

தேதிகளைப் பிடித்துக்கொண்டு நடப்பது

காரணம் என்று சொல்லப்படும் நிகழ்விலிருந்து விளைவு வரைக்கும் இடையில் என்னென்ன நடந்தது என்று கண்ணி கண்ணியாகத் தொடர்வதை "தடம் பிடித்தல்" எனலாம். இதில் இரண்டு சோதனைகள் முக்கியம். காரணம் விளைவுக்கு முன்னால் வந்ததா? அது உண்மையாகவே வேலை செய்திருந்தால் வழியில் விட்டுச் சென்றிருக்க வேண்டிய தடயங்கள் இருக்கின்றனவா?

எம்.ஜி.ஆர். சம்பவத்துக்கு முதல் சோதனையை வைத்துப் பார்ப்போம். 1949-ல் தொடங்கிய தி.மு.க., 1957-ல் முதன்முறையாகத் தேர்தலில் நின்று 15 இடங்களை வென்றது. 1959-ல் சென்னை மாநகராட்சி மேயர் பதவியைப் பிடித்தது. 1962-ல் 50 இடங்கள். 1963-ல் திருவண்ணாமலை இடைத்தேர்தலில் காங்கிரசை வீழ்த்தியது. இந்த ஏற்றம் முழுவதும் 1967 ஜனவரிக்கு முந்தையது. 1965 ஜனவரிக்கும் முந்தையது. ஆக, துப்பாக்கிக் குண்டோ இந்திப் போராட்டமோ தி.மு.க.வை உருவாக்கவில்லை. ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த கட்சிக்கு அவை வேகம் கொடுத்திருக்கலாம்.

வேகம் கொடுத்ததா என்பதற்கு இரண்டாவது சோதனை. இந்திப் போராட்டத்தைப் பொறுத்தவரை தடயம் கிடைக்கிறது. விருதுநகரில் காமராசரை எதிர்த்து தி.மு.க. நிறுத்தியது பெ.சீனிவாசனை. அந்தப் போராட்டத்தின் மாணவர் தலைவர் அவர். போராட்டத்தில் உருவானவர்கள் வேட்பாளர்களாகவும் தேர்தல் வேலைக்காரர்களாகவும் மாறினார்கள் என்பது கண்ணால் பார்க்கக்கூடிய கண்ணி. போராட்டம் ஓட்டாக மாறியது இப்படி ஆட்களின் வழியாகத்தான். "மொழி உணர்வு பொங்கியது" என்று சொல்வதைவிட இது எவ்வளவு திடமான விளக்கம்!

அதே விருதுநகர் இன்னொரு பாடமும் சொல்கிறது. காமராசர் தோற்றது 1,285 ஓட்டில். வித்தியாசம் இவ்வளவு குறைவாக இருக்கும்போது எந்தச் சிறு காரணத்தைச் சொன்னாலும் அதுவே தீர்மானித்தது போலத் தோன்றும். எம்.ஜி.ஆர். படத்தைக் கண்டு மனம் மாறியவர் ஆயிரத்து முந்நூறு பேர் இருந்திருக்க மாட்டார்களா? இருந்திருக்கலாம். கூட்டணிக் கட்சிகளின் ஓட்டு அவ்வளவு இருந்திருக்காதா? அதுவும் இருந்திருக்கலாம். நெருக்கமான முடிவுகளில் "இதுதான் காரணம்" என்று அடித்துச் சொல்பவரிடம் கவனமாக இருங்கள்.

எம்.ஜி.ஆர். சம்பவத்தைத் தனியே அளப்பது ஏன் கடினம் என்றால், அந்தச் செய்தி எல்லாத் தொகுதிக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தது. அது எட்டாத தொகுதி என்று ஒன்று இருந்தால்தானே ஒப்பிட முடியும்? பிரசாரத்துக்குப் போகாமலே அவர் பரங்கிமலையில் ஜெயித்தார் என்பது அவர் செல்வாக்குக்குச் சான்று. மாநில முடிவை அது மாற்றியது என்பதற்கு அதுவே சான்றாகிவிடாது.

நடக்காததை நடத்திப் பார்ப்பது

"கூட்டணி இல்லாவிட்டால் தி.மு.க. ஜெயித்திருக்குமா?" இப்படி ஒரே ஒரு காரணத்தை மட்டும் மனதில் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்துப் பார்ப்பதை "மாற்றுக் கற்பனை" என்போம். இஷ்டத்துக்குக் கற்பனை செய்வதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, மாற்றும் விஷயம் சிறியதாகவும் நடந்திருக்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும் என்பதுதான். "காந்தி உயிரோடு இருந்திருந்தால்" என்று தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று யாருக்கும் தெரியாது.

1962-க்கே இதைச் செய்து பார்க்கலாம். தி.மு.க., சுதந்திரா, கம்யூனிஸ்ட் மூவரும் அன்றே சேர்ந்திருந்தால்? 27.10, 7.82, 7.72 மூன்றையும் கூட்டினால் 42.64. காங்கிரஸ் 46.14. இடங்கள் இன்னும் குறைந்திருக்கும், ஆனால் மாநில அளவில் காங்கிரஸ் அப்போதும் முன்னால்தான். அதாவது 1962-ன் வாக்குகளை வைத்துக்கொண்டு கூட்டணி மட்டும் அமைந்திருந்தால் அது போதியிருக்காது என்றே தோன்றுகிறது.

இங்கே இரண்டு சொற்கள் உதவும். எது இல்லாமல் விளைவு நடக்காதோ அது தேவையான காரணம். எது மட்டும் இருந்தாலே விளைவு நடந்துவிடுமோ அது போதுமான காரணம். 1967-ல் கூட்டணி தேவையான காரணம் என்று சொல்ல நல்ல ஆதாரம் இருக்கிறது. போதுமான காரணம் என்று சொல்ல முடியாது. ஐந்து ஆண்டுகளில் தி.மு.க. தன் வாக்கை 34 லட்சத்திலிருந்து 62 லட்சமாக வளர்த்திருந்ததும் சேர்ந்துதான் கூட்டணிக்குப் பலம் கொடுத்தது.

இதுவரை கிடைத்ததைத் தொகுத்தால்: பஞ்சமும் விலைவாசியும் சலிப்பும் காங்கிரசின் வாக்கை நாடு முழுவதும் குறைத்த அளவுக்கு இங்கேயும் குறைத்தன. அந்தச் சூழலில் முன்னே வரத் தயாராக, பதினெட்டு ஆண்டுகளாகக் கட்டிய அமைப்போடும் இந்திப் போராட்டம் தந்த இளைஞர்களோடும் தி.மு.க. இருந்தது. கூட்டணி எதிர்ப்பு வாக்கைச் சிதறவிடாமல் பிடித்தது. எம்.ஜி.ஆர். சம்பவம் கடைசி வாரங்களில் உணர்ச்சியைக் கூட்டியது. எவ்வளவு என்று இந்த எண்களால் பிரிக்க முடியாது. இதில் முதல் மூன்றையும் நான் தயங்காமல் சொல்வேன்.

மொத்தக் கணக்கு சொல்லாத விஷயம்

1962-க்கும் 1967-க்கும் இடையில் செல்லுபடியான வாக்குகள் சுமார் 26 லட்சம் கூடின. தி.மு.க.வின் வாக்கு கூடியது சுமார் 28 லட்சம். பார்த்தவுடனே "புதிதாக ஓட்டுப் போட வந்தவர்கள் எல்லாம் தி.மு.க.வுக்குப் போட்டார்கள்" என்று எழுதத் தோன்றும். எழுதக் கூடாது. பழைய காங்கிரஸ் வாக்காளர் பலர் தி.மு.க.வுக்கு மாறி, புதியவர் பலர் காங்கிரசுக்குப் போட்டிருந்தாலும் இதே மொத்தம் வரும். கூட்டுத்தொகையை வைத்துத் தனி மனிதர் எப்படி நடந்துகொண்டார் என்று முடிவு செய்வதை "மொத்தக் கணக்குப் பிழை" எனலாம்.

நம் ஊர்ப் பேச்சில் இந்தப் பிழை அதிகம் நடப்பது சாதி ஓட்டில். ஒரு சாதியினர் அதிகம் வாழும் தொகுதியில் ஒரு கட்சி ஜெயித்தால், அந்தச் சாதி முழுக்க அந்தக் கட்சிக்குப் போட்டதாகச் சொல்லிவிடுகிறோம். அதே தொகுதியில் மற்றவர்கள்தான் அந்தக் கட்சியைத் தூக்கிவிட்டிருக்கலாம். வாக்குச்சீட்டு ரகசியமானது. தனி மனிதர் ஏன் எப்படி வாக்களித்தார் என்று தெரிய வேண்டுமென்றால், சரியாகத் தேர்ந்தெடுத்த மாதிரியிடம் நேரில் கேட்கும் ஆய்வு வேண்டும். இந்தத் தவறான கணக்கு வெறும் கல்விப் பிழையோடு நிற்பதில்லை என்பதே எனக்குக் கவலை. ஒரு மக்கள்கூட்டத்தின் மேல் "இவர்கள் இப்படித்தான்" என்ற முத்திரை குத்தப்படுகிறது. அடுத்த தேர்தலில் கட்சிகள் அந்த முத்திரையை நம்பி வேட்பாளரை நிறுத்துகின்றன.

நீங்களே செய்து பார்க்க: 1980

கற்றதைக் கையில் எடுத்துப் பழக இன்னொரு நிகழ்வு. 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் தி.மு.க.–இந்திரா காங்கிரஸ் அணி தமிழ்நாட்டின் 39 இடங்களில் 37-ஐ அள்ளியது. அ.தி.மு.க.வுக்கு இரண்டே இரண்டு. பிப்ரவரி 17 அன்று எம்.ஜி.ஆர். அரசு கலைக்கப்பட்டது. மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. 129 இடங்களோடு ஆட்சிக்குத் திரும்பியது. தி.மு.க.வுக்கு 37, இந்திரா காங்கிரசுக்கு 31. அதே மக்கள், அதே தலைவர்கள், நடுவில் நான்கைந்து மாதம்.

இடைவெளி இவ்வளவு குறுகியதாக இருப்பதால் மக்கள்தொகை, கல்வி, சினிமாச் செல்வாக்கு போன்று மெதுவாக மாறும் காரணங்களை எல்லாம் ஒரே வீச்சில் தள்ளிவிடலாம். மிச்சம் இருப்பவற்றை எழுதுங்கள். ஒன்று, கலைப்பால் வந்த அனுதாபம். இரண்டு, மக்கள் தில்லிக்கு ஒருவரையும் கோட்டைக்கு ஒருவரையும் தேர்ந்தெடுக்கும் போக்கு. மூன்று, தி.மு.க.வும் காங்கிரசும் தொகுதிகளை ஏறக்குறைய சமமாகப் பிரித்துக்கொண்டதால் எழுந்த குழப்பம். நான்கு, இடஒதுக்கீடு: பிற்படுத்தப்பட்டோருக்கு 1979-ல் கொண்டுவந்த ரூ.9,000 வருமான வரம்பை ஜனவரித் தோல்விக்குப் பின் எம்.ஜி.ஆர். நீக்கி, ஒதுக்கீட்டை 31 சதவீதத்திலிருந்து 50 ஆக உயர்த்தியது. ஐந்து, ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவே அணிகளில் நேர்ந்த மாற்றங்கள்.

தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டு தேர்தலுக்கும் தொகுதிவாரி எண்களை இறக்கி, வாக்கு வீதம் எவ்வளவு மாறியது, இடங்கள் எவ்வளவு மாறின என்று தனித்தனியே எழுதிக்கொண்டு ஆரம்பியுங்கள். அனுதாபம்தான் காரணம் என்று தோன்றினால் அதற்கு முன் ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த பிப்ரவரியில் கலைக்கப்பட்டது தமிழ்நாட்டு அரசு மட்டுமல்ல. உத்தரப் பிரதேசம், பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், மகாராஷ்டிரம், குஜராத், ஒரிசா, பஞ்சாப் என மொத்தம் ஒன்பது மாநிலங்களில் சட்டமன்றம் கலைக்கப்பட்டது. மே மாதத்தில் மற்ற எட்டிலும் இந்திரா காங்கிரசே வென்றது. கலைப்பு அனுதாபத்தைத் தருமென்றால், அந்த எட்டு மாநிலங்களில் அது ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கும் உங்கள் விளக்கத்தில் இடம் இருக்க வேண்டும்.